மழை நாளில் வேலையை நிறுத்துவது யார்? மலையகத் தொழிலிடங்களுக்குத் தேவையான ஒத்திகை

ஹட்டன் பஜாரில் நான் நடத்தும் சிறிய கடையில் நால்வர் வேலை செய்கிறார்கள். அவர்களில் மூவர் தோட்ட லயன்களில் இருந்து வருபவர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை கொட்டிய நாளிலும் வழமையான நேரத்துக்கே கடையை மூடினேன். இருட்டில் மலைச்சரிவுப் பாதையால் அவர்கள் நடந்து போனார்கள். அல்ஹம்துலில்லாஹ், மூவரும் வீடு சேர்ந்தார்கள். ஆனால் அதில் என் ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. அந்தப் புயலில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மண்சரிவுகளால் பெரிதும் பாதிக்கப்பட்டது மலையகமே.

1923 செப்டெம்பர் 1 பூமியதிர்ச்சியின் நினைவாக, ஜப்பானில் ஆண்டுதோறும் அதே நாளில் ஒத்திகை நடக்கிறது. நிலம் அதிர்ந்தால் ஊழியர்கள் குனிந்து, மேசைக்கடியில் புகுந்து, அதன் காலைப் பிடித்துக்கொள்கிறார்கள். நம் நாட்டிலும் 2020 ஓகஸ்டில் கண்டி திகன பகுதியில் சிறு அதிர்வுகள் உணரப்பட்டன. ஆகவே அந்தப் பழக்கம் நமக்கும் நல்லதே. ஆனால் மலையகத்தில் அடிக்கடி உயிர் பறிப்பது மண்சரிவு. அதற்கு மேசைக்கடியில் புகுந்தால் போதாது. முன்கூட்டியே இடத்தை விட்டு வெளியேற வேண்டும்.

பூமியதிர்ச்சி சொல்லிவிட்டு வருவதில்லை. மண்சரிவு பல வேளைகளில் அறிகுறி காட்டும். சுவரிலும் நிலத்திலும் புதிய வெடிப்பு, திடீரென இறுகும் கதவு, சாயும் மரம், புதிதாகக் கிளம்பும் ஊற்று, கலங்கிவரும் நீர் ஆகியவை அவை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையளவைக் கொண்டும் எச்சரிக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் ஆயத்தம், 150ஐத் தாண்டினால் வெளியேற்றம்.

எச்சரிக்கை மட்டும் போதாது என்பதற்கு கொஸ்லந்தை மீரியபெத்த சாட்சி. அங்கு ஆபத்து உண்டென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டது. 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயன்களை மூடியது. பாடசாலைக்குப் போன பிள்ளைகளும் மலைக்கு வேலைக்குப் போனவர்களும் தப்பினர். வீட்டில் இருந்தவர்கள் மண்ணுக்குள் போனார்கள்.

ஆகவே தோட்டத்து ஒத்திகை தொழிற்சாலை வாசலோடு முடியக்கூடாது. காலைப் பிரட்டில் அன்றைய எச்சரிக்கை நிலையை வாசிக்க வேண்டும். மலையில் கொழுந்து பறிப்பவர்களுக்கும் கேட்கும்படி ஒரு சங்கொலி வேண்டும். தொழிற்சாலையில் இயந்திரத்தை நிறுத்துவது யார், மேல்மாடியில் இருப்பவர்களை இறக்குவது யார், பிள்ளைக் காம்பராவில் உள்ள குழந்தைகளைத் தூக்கிச் செல்வது யார், லயனில் உள்ள முதியவர்களை அழைத்து வருவது யார் என்று பெயர் குறித்து வைக்க வேண்டும். மண் வரும் திசையிலேயே கீழே ஓடாமல், பக்கவாட்டில் விலகிப் போகும் பாதையை ஒருமுறையாவது எல்லோரும் நடந்து பார்க்க வேண்டும். சேர்ந்த இடத்தில் தலை எண்ண வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன் ஒரு கேள்வி தீர வேண்டும். வேலையை நிறுத்தினால் அன்றைய சம்பளம் என்னாகும்? பறித்த கிலோவைப் பார்த்துப் பேர் போடும் இடத்தில், அடுப்பெரிவதை நினைக்கும் தாய் சங்கொலி கேட்டாலும் தயங்குவாள். வெளியேறும் நாளுக்கும் முழுப்பேர் உண்டு என்று நிர்வாகமும் தொழிற்சங்கமும் முன்கூட்டியே எழுத்தில் உறுதி செய்யாவிட்டால், அந்த ஒத்திகை வெறும் நடிப்பு.

கடைக்கார முதலாளிமாரான நமக்கும் இது பொருந்தும். இப்போது என் கடைச் சுவரில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற அவசர இலக்கமும், ஊழியர்களின் வீட்டுத் தொலைபேசி இலக்கங்களும் ஒட்டப்பட்டுள்ளன. எச்சரிக்கை வந்தால் பகலிலேயே அவர்களை அனுப்பிவிடுவேன், சம்பளம் குறையாது. பாதை ஆபத்தானால் கடையின் மேல் அறையில் தங்கலாம். பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஒலிபெருக்கியையும் மண்டபத்தையும் இதற்காக ஒழுங்கு செய்யலாம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்பது நாம் சிறுவயதில் படித்த பாடம். அடுத்த பருவமழைக்கு முன் கயிற்றைத் தேடுவோம்.