ஊக்கமருந்து சோதனை: மாட்டுவது யார், தப்புவது யார்?

2023 செப்டம்பரில் டெல்லி ஜவஹர்லால் நேரு மைதானத்தில் மாநிலத் தடகளப் போட்டி நடந்தது. ஊக்கமருந்து சோதனைக்கு அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்ற செய்தி மைதானத்தில் பரவியது. ஆண்கள் 100 மீட்டர் இறுதிக்கு எட்டுப் பேர் தகுதி பெற்றிருந்தார்கள். ஓட வந்தவர் ஒருவர்தான். ஜூனியர் ஸ்டீபிள்சேஸில் ஓடிய ஒரு பெண், எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தார். சோதனை அதிகாரியும் பின்னாலேயே ஓட வேண்டியதாயிற்று. மைதானத்துக் கழிவறையில் ஊசிகள் கிடந்த வீடியோவும் வெளியே வந்தது. வராமல் போன ஏழு பேரும் மருந்து போட்டவர்கள் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் அதிகாரிகள் வந்த செய்திக்கே ஓட்டப்பாதை காலியாகிறது என்றால், விஷயம் ஒலிம்பிக் வீரர்களோடு நிற்கவில்லை என்பது தெரிகிறது.

எது ஊக்கமருந்து என்பதைத் தீர்மானிப்பது கனடாவின் மான்ட்ரியலில் உள்ள உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை. 'வாடா' என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். 1998 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் ஓர் அணியின் காரிலேயே மருந்துக் குவியல் பிடிபட, அடுத்த ஆண்டு இது தொடங்கப்பட்டது. தடைப் பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 முதல் புதுப்பிக்கப்படும். ஒரு பொருள் திறனைக் கூட்டுமா, உடலுக்குக் கேடு செய்யுமா, விளையாட்டின் அறத்துக்கு முரணா என்று மூன்று கேள்விகள் கேட்பார்கள். இரண்டுக்கு 'ஆம்' என்றால் பட்டியலில் சேர்க்கலாம். மூன்றாவது கேள்வி கொஞ்சம் வழவழாதான். காபியில் இருக்கும் காஃபீன்கூட ஒரு காலத்தில் அளவு மீறினால் குற்றம். 2004-ல் அதை நீக்கிவிட்டார்கள்.

பட்டியலில் எல்லாமே தசையை ஏற்றும் மருந்துகள் அல்ல. ஸ்டீராய்டு தசையை வளர்க்கும், கடும் பயிற்சிக்குப் பின் உடல் சீக்கிரம் தேற உதவும். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 9.79 வினாடியில் ஓடிய பென் ஜான்சன் மாட்டியது ஸ்டானோசோலால் என்ற ஸ்டீராய்டில். துப்பாக்கி சுடுவோருக்கு வேறு தேவை: கை நடுங்கக் கூடாது. அதனால் இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் அவர்களுக்குத் தடை. இ.பி.ஓ. நம் சிறுநீரகமே சுரக்கும் ஹார்மோன். எலும்பு மஜ்ஜையைத் தூண்டி ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும். சிறுநீரகம் பழுதாகி ரத்தசோகை கண்டவர்களுக்கு மருத்துவமனையில் ஊசியாகப் போடுவார்கள். அதையே நலமாக இருக்கும் சைக்கிள் வீரர் போட்டுக்கொண்டால் தசைக்குக் கூடுதல் ஆக்ஸிஜன் போகும், மலையேற்றத்தில் மூச்சு வாங்காது. ரத்தம் கெட்டியாகி இதயத்துக்குச் சுமை கூடுவது அதற்குக் கொடுக்கும் விலை.

சோதனை எப்படி நடக்கிறது என்பது வெளியே அவ்வளவாகத் தெரியாது. பந்தயம் முடிந்ததும் ஓர் ஆள் வந்து வீரரிடம் அறிவிப்பைக் காட்டிக் கையெழுத்து வாங்குவார். அந்த நிமிடத்திலிருந்து மாதிரி கொடுத்து முடிக்கும்வரை அவர் பார்வையைவிட்டு அகல முடியாது. வெற்றி மேடை, பேட்டி எங்கே போனாலும் அவர் கூடவே வருவார். கழிவறைக்குள்ளும் தனிமை இல்லை. சட்டையை மேலே தூக்கி, கால்சட்டையை முழங்காலுக்கு இறக்கி, கைகளை முழங்கைவரை வெறுமையாக்கி, அதே பாலினத்தவர் ஒருவர் நேருக்கு நேர் பார்க்கச் சிறுநீர் கழிக்க வேண்டும். வேறொருவரின் சிறுநீரைப் பையில் மறைத்துக் கொண்டுவந்து ஊற்றியவர்கள் உண்டு என்பதால் இந்த ஏற்பாடு. குறைந்தது 90 மில்லி வேண்டும். வெயிலில் பத்தாயிரம் மீட்டர் ஓடிய உடம்பில் 90 மில்லி எங்கிருந்து வரும்? தண்ணீர் பாட்டிலோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் குடித்துச் சிறுநீர் நீர்த்துப்போனால் அது செல்லாது, மறுபடியும் முதலிலிருந்து.

பிறகு வீரரே தன் கையால் அதை 'ஏ', 'பி' என்று இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றி மூடுவார். அந்த மூடியைத் திருகி இறுக்கத்தான் முடியும். திறக்க வேண்டுமென்றால் உடைக்க வேண்டும். ஆய்வகத்துக்குப் பெயர் போகாது, எண் மட்டும் போகும். 'ஏ'யில் தடை மருந்து தெரிந்தால், வீரர் விரும்பினால் அவர் முன்னிலையில் 'பி'யைத் திறந்து பார்க்கலாம். மாதிரிகளைப் பத்தாண்டுவரை வைத்திருந்து மறுசோதனை செய்யவும் விதி உண்டு. பெய்ஜிங், லண்டன் ஒலிம்பிக் பதக்கங்கள் பல, ஆண்டுகள் கழித்துக் கைமாறியது இப்படித்தான்.

போட்டி இல்லாத நாளிலும் தப்ப முடியாது. சோதனைப் பட்டியலில் இருக்கும் முன்னணி வீரர், தினமும் ஏதாவது ஒரு மணி நேரம் தான் எங்கே இருப்பேன் என்று முன்கூட்டியே பதிய வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று முறை தவறினால், மருந்தே எடுக்காவிட்டாலும் தடை.

இதில் மிகக் கடுமையான விதி வேறு. உடம்பில் மருந்து இருந்தால் பொறுப்பு உடம்புக்காரருடையது. எப்படி வந்தது என்பதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். 2003 கிரிக்கெட் உலகக் கோப்பைக்குத் தென்னாப்பிரிக்கா போய் இறங்கிய ஷேன் வார்ன், ஒரு பந்துகூட வீசாமல் ஊர் திரும்பினார். அவர் எடுத்தது சிறுநீர் போக்கும் மாத்திரை. அம்மா கொடுத்தார் என்றார். அந்த மாத்திரையால் பந்து கூடுதலாகச் சுழலாது. ஆனால் வேறு மருந்தின் தடயத்தை நீர்க்கச் செய்ய உதவும் என்பதால் தடை, ஓராண்டு போயிற்று. பிருத்வி ஷாவுக்கு 2019-ல் எட்டு மாதத் தடை வந்தது இருமல் மருந்தால். திருச்சி மாவட்டத்துக் கோமதி மாரிமுத்து அதே ஆண்டு தோஹாவில் 800 மீட்டரில் வென்ற ஆசியத் தங்கம் பறிபோய், நான்கு ஆண்டுத் தடையும் வந்தது. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்றே அவர் சொன்னார். உண்மையில் தெரியாமல் எடுத்தவரையும் வேண்டுமென்றே ஏமாற்றியவரையும் ஆய்வகக் கருவி பிரித்துக் காட்டாது.

இவ்வளவு கெடுபிடிக்கும் டிமிக்கி கொடுத்தவர்கள் உண்டு. ஏழு முறை டூர் டி பிரான்ஸ் வென்ற லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 2012-ல் பட்டங்களை இழந்தது சக வீரர்களின் சாட்சியத்தால். புட்டிகள் அவரைக் கவிழ்க்கவில்லை. 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் ரஷ்யர்கள் ஆய்வகச் சுவரிலேயே ஓட்டை போட்டு, இரவில் புட்டிகளை அடுத்த அறைக்குக் கடத்தி, திறக்கவே முடியாது என்ற மூடியைத் திறந்து, சுத்தமான சிறுநீரை நிரப்பினார்கள். இதை வெளியே சொன்னவர் அந்த ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த கிரிகோரி ரோட்சென்கோவ்.

'பிடிக்க முடியாததை எதற்குத் தடுக்க வேண்டும்? வயது வந்தவர் தன் உடம்பில் எதைச் செலுத்தினால் என்ன, மருத்துவர் மேற்பார்வையில் அனுமதித்துவிடலாமே' என்ற கேள்வி அறிஞர்களிடமிருந்தும் வருகிறது, பணம் போடுவோரிடமிருந்தும் வருகிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நான் இதை ஏற்காததற்குக் காரணம் கிழக்கு ஜெர்மனி. 1970-களில் தொடங்கி அந்த அரசே, மருத்துவர்களை வைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான வீரர்களுக்கு ஸ்டீராய்டு கொடுத்தது. பள்ளி வயதுச் சிறுமிகளுக்கு நீல மாத்திரையைக் கொடுத்து 'வைட்டமின்' என்றார்கள். குரல் தடித்தது, முகத்தில் முடி வளர்ந்தது, பலருக்குப் பிற்காலத்தில் ஈரலும் கருப்பையும் தொல்லை கொடுத்தன. 1986-ல் ஐரோப்பிய குண்டு எறிதல் பட்டம் வென்ற ஹைடி கிரீகர் பின்னாளில் பாலினம் மாற்றிக்கொண்டு ஆண்ட்ரியாஸ் ஆனார். தன் வாழ்க்கையைத் தானே முடிவு செய்யும் வாய்ப்பை அந்த மாத்திரைகள் பறித்துவிட்டதாக வருந்தினார். அங்கே மருத்துவ மேற்பார்வைக்குக் குறைவே இல்லை. 2000-ல் பெர்லின் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்த இருவரில் ஒருவர் மருத்துவர். இருவருமே சிறைக்குப் போகவில்லை, தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது.

அனுமதித்துவிட்டால் 'வேண்டாம்' என்று சொல்பவர் தோற்பார், அவ்வளவுதான். இருபது வயதுக்காரர் போட்டுக்கொள்வதைப் பார்க்கும் பதினைந்து வயதுப் பிள்ளையின் பயிற்சியாளர் சும்மா இருப்பாரா?

நம் நாட்டில் இந்தக் கேள்விக்கு வேறொரு கனமும் உண்டு. 2023-ல் இந்தியாவில் 5,606 மாதிரிகளைச் சோதித்ததில் 214-ல் தடை மருந்து தென்பட்டது. அதிகம் சோதிக்கும் நாடுகளில் இந்த விகிதம் நமக்குத்தான் மிக அதிகம். காரணம் பதக்க ஆசை மட்டுமல்ல. ரயில்வே, காவல்துறை, ராணுவம் எங்கும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை உண்டு. விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளைக்குப் பல்கலைக்கழக அளவில் ஒரு பதக்கம் என்பது ஓய்வுவரை மாதச் சம்பளம். 'இதைப் போட்டுக்கோ, நேரம் குறையும்' என்று அண்ணன் முறையில் ஒருவர் வந்து சொல்லும்போது, மறுக்கத் தெம்பு வேண்டும்.

அந்த 'அண்ணன்' பெரும்பாலும் மாட்டுவதில்லை. மருந்து கொடுத்த பயிற்சியாளர், விற்றவர், ஊசி போட்டவர் எல்லோரும் விதிப்படி குற்றவாளிகள்தான். ஆனால் ஓடியவர்மீது குற்றத்தை நிறுவ 90 மில்லி சிறுநீர் போதும். கொடுத்தவர்மீது நிறுவ வாக்குமூலம், பணம் கைமாறிய கணக்கு, செல்போன் செய்திகள் எல்லாம் வேண்டும். அதையெல்லாம் தோண்டுவது காவல்துறை வேலை. நம் 2022 தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டத்தில் சிறைத் தண்டனை இல்லை. அமெரிக்கா 2020-ல் இயற்றிய சட்டம் (அதற்கு ரோட்சென்கோவின் பெயரையே வைத்தார்கள்) வீரரை விட்டுவிட்டு, சர்வதேசப் போட்டிகளுக்கு மருந்து சப்ளை செய்பவரைப் பத்தாண்டுவரை சிறையில் போடலாம் என்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தயாரான நைஜீரிய ஓட்டக்காரி பிளெஸ்ஸிங் ஒகாக்பாரேவுக்கு மருந்து அனுப்பிய டெக்சாஸ்காரர் அதன்படி 2024-ல் தண்டனை பெற்றார். அவருக்கு மூன்று மாதச் சிறை. ஓடியவருக்கு 11 ஆண்டுத் தடை.