கூரை மேல் சூரிய மின்சாரம்: எந்த வீட்டிற்கு நன்மை?

சென்ற கோடையில் நமது பங்கில் வீடு சந்திப்புக்குச் சென்றபோது, வயதான தாய் ஒருவரின் மாடியில் புதிதாகச் சோலார் தகடுகள் பளபளத்துக் கொண்டிருந்தன. வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் மகன் பணம் அனுப்பி, மூன்று கிலோவாட் அளவில் போட்டுக் கொடுத்தது. நாம் போன நேரம் தெருவில் மின்தடை. உச்சி வெயில் மாடியைச் சுட்டுக் கொண்டிருந்தது. கீழே மின்விசிறி ஓடவில்லை. பனையோலை விசிறியால் நமக்கு வீசிக்கொண்டே அந்தத் தாய் கேட்டார்: "சாமி, வெயிலு இந்தக் காய்ச்சு காயுது. இம்புட்டு ரூவா போட்டும் கரண்டு போனா ஃபேன் நிக்குதே. எங்கள ஏமாத்திட்டாங்களா?"

ஏமாற்றவில்லை. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லவுமில்லை. இன்று ஊர் ஊராக, வீடு வீடாகச் சோலார் முகவர்கள் வருகிறார்கள். திருப்பலி முடிந்து வெளியே வந்தால், "சாமி, போடலாமா வேண்டாமா?" என்று கேட்காதவர் குறைவு. நாம் மின்பொறியாளர் அல்ல. ஆயினும் நமது பங்கில் மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர் பொறுமையாக விளக்கியதையும், போட்டவர்களின் அனுபவத்திலிருந்து நாம் தெரிந்து கொண்டதையும் இங்கே பகிர்ந்து கொள்கிறோம்.

முதலில் அந்தத் தாயின் கேள்வி. வீடுகளில் அரசு மானியத்துடன் பெரும்பாலும் பொருத்தப்படுவது மின்வாரியக் கம்பியோடு இணைந்து இயங்கும் அமைப்பு. பகலில் தகடுகள் உண்டாக்கும் மின்சாரத்தில் வீட்டுக்குத் தேவையானது போக, மிச்சம் வாரியத்தின் கம்பிக்குப் போய்விடும். இரவில் வாரியத்திலிருந்து நாம் எடுத்துக் கொள்வோம். போனதும் வந்ததும் இரண்டையும் கணக்கிடும் மீட்டர் ஒன்றை வாரியம் பொருத்தும். ஆக, இந்த அமைப்பில் பேட்டரி கிடையாது. வாரியத்தின் கம்பிதான் நமக்குப் பேட்டரி. தெருவில் மின்சாரம் நின்றால், நமது இன்வெர்ட்டரும் நொடிகளில் தானாக நின்றுவிடும். அப்படி நிற்க வேண்டும் என்பது விதி. காரணம், மின்தடை நேரத்தில் கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் லைன்மேன், கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பித்தான் கை வைக்கிறார். நமது மாடியிலிருந்து அந்தக் கம்பிக்குள் மின்சாரம் பாய்ந்தால் அவர் உயிர் போய்விடும். இதைச் சொன்னதும் அந்தத் தாய் விசிறியை நிறுத்திவிட்டு, "அப்படின்னா அது நிக்கட்டும் சாமி" என்றார்.

மின்தடையிலும் விசிறி ஓட வேண்டும் என்பதே ஒருவரின் நோக்கமானால், தகடுகளோடு பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் சேர்த்துப் போட வேண்டும். செலவு நன்றாகக் கூடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பேட்டரியை மாற்றும் செலவும் உண்டு. இரண்டு விசிறி, நான்கு விளக்கு சில மணி நேரம் ஓடினால் போதும் என்பவருக்கு, பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் சாதாரண இன்வெர்ட்டரும் பேட்டரியுமே போதும். அதற்கு மாடியில் ஒரு தகடும் தேவையில்லை.

இனி பணக் கணக்குக்கு வருவோம். இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 2024 பிப்ரவரியில் நடுவண் அரசு தொடங்கிய 'பி.எம். சூர்ய கர்' திட்டத்தில், ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். 2026-27 நிதியாண்டு வரைக்குமான திட்டம் இது. பெயரில் 'இலவச மின்சாரம்' என்று இருப்பதால் அரசே எல்லாம் போட்டுத் தருகிறது என்று நினைத்து விண்ணப்பிக்கிறவர்கள் உண்டு. அப்படியல்ல. முழுத் தொகையையும் முதலில் நாம்தான் புரட்ட வேண்டும். பொருத்தி, வாரியம் வந்து சோதித்த பிறகே மானியம் வங்கிக் கணக்கில் வந்து சேரும்.

ஒரு கிலோவாட் தகடு நமது பகுதியில் நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும் என்று வைத்துக் கொள்ளலாம்; இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையிலிருந்து வீடுகள் செலுத்திவரும் கட்டணத்தில், 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு, 400 வரை 4 ரூபாய் 70 காசு. 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகை போய்விடும். மேலே ஏற ஏற 8.40, 9.45 என்று கூடி, ஆயிரத்தைத் தாண்டியதும் 11.55 வரை போகும். இதை மனத்தில் வைத்துக் கொண்டு மூன்று வீடுகளைப் பார்ப்போம்.

முதல் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 180 யூனிட். கட்டணம் 188 ரூபாய். ஒரு கிலோவாட் போட 75,000 ரூபாய் ஆகிறது, மானியம் போக 45,000 என்று கொண்டால், ஆண்டுக்கு மிச்சமாவது 1,100 ரூபாய்தான். போட்ட பணம் திரும்ப 40 ஆண்டுகள் ஆகும். தகடுகளுக்குத் தரும் உத்தரவாதமே 25 ஆண்டுகள்தான்!

இரண்டாவது வீட்டில் 350 யூனிட், கட்டணம் 940 ரூபாய். அதே ஒரு கிலோவாட் போட்டால் கட்டணம் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். எட்டு ஆண்டுகளில் பணம் திரும்பும். கையில் சேமிப்பு இருந்தால் போடலாம், அவசரமில்லை.

மூன்றாவது வீட்டில் ஏ.சி., வாட்டர் ஹீட்டர், இரண்டு ஃபிரிட்ஜ். 800 யூனிட், கட்டணம் 4,770 ரூபாய். இரண்டு கிலோவாட் போட்டால் கணக்கில் 320 யூனிட்டே நிற்கும். கட்டணம் ஏறக்குறைய 800 ரூபாய்க்கு இறங்கிவிடும். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் செலவில் மானியம் போக 80,000. மூன்றரை ஆண்டுக்குள் முதல் திரும்பி, பின்னர் வருவதெல்லாம் இலாபம். இந்த வீட்டுக்காரர் இன்னும் போடாமல் இருப்பதுதான் வியப்பு!

விலை இடத்துக்கு இடம் மாறும், கட்டணம் மாறினால் கணக்கும் மாறும், வாரியம் வாங்கும் வேறு கட்டணங்கள் எவை என்று பிரிவு அலுவலகத்தில் கேட்டுக் கொள்ள வேண்டும். ஆனால் அடிப்படை மாறாது. மாடியைப் பார்க்கும் முன் மின் அட்டையைப் பார்க்க வேண்டும். முகவர் மாடியைத்தான் முதலில் பார்க்கிறார். அந்தத் தாயின் வீட்டு அட்டையை நாம் வாங்கிப் பார்த்தோம். தகடுகள் போடுவதற்கு முன் 200 யூனிட்டைத் தாண்டியதே இல்லை. மூன்று கிலோவாட் அவருக்கு எதற்கு? மிச்சமாகி வாரியத்துக்குப் போகும் மின்சாரத்துக்குக் கிடைப்பதோ சொற்பம். மகனிடம் பணம் இருந்தது, போய்விட்டது. ஆனால் இதே போன்ற வீட்டுக்காரர் மகளிர் குழுக் கடனிலோ கந்துவட்டியிலோ பணம் எடுத்துப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மாதத் தவணையே முன்பு கட்டிய மின்கட்டணத்தைவிடப் பல மடங்கு இருக்கும். குறைந்த வட்டியில் பிணையில்லாத வங்கிக் கடன் இத்திட்டத்தில் உண்டு. கடன் எடுத்தே ஆக வேண்டும் என்பவர் அங்கே மட்டும் போகட்டும்.

பணத்துக்கு அப்பாலும் ஒரு நன்மை இருக்கிறது. 2011-ல் இடிந்தகரை லூர்து மாதா ஆலய வளாகத்தில் கூடங்குளம் அணுஉலைக்கு எதிராக மக்கள் உண்ணாநிலை இருந்தபோது, "அப்படியானால் மின்சாரத்துக்கு என்ன வழி?" என்று கேட்டார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் கலந்து மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்ததும் நமக்குத் தெரியும். நம் வீட்டுச் சுவிட்சைப் போடும்போது அந்தப் புகையும் சாம்பலும் வேறொருவரின் வாசலில் போய் விழுகின்றன. வத்திக்கானில் ஆறாம் பவுல் அரங்கத்தின் கூரையில் 2008-ஆம் ஆண்டிலேயே ஏறக்குறைய 2,400 தகடுகள் பொருத்தப்பட்டன. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில் நிலக்கரி, எண்ணெயிலிருந்து தாமதமின்றி விலக வேண்டுமென்று கேட்டுக் கொண்டார். 2024 ஜூனில், வத்திக்கான் நகருக்கு வேண்டிய மின்சாரம் முழுவதையும் சூரிய ஒளியிலிருந்து பெற வழிசெய்யும் ஆணையையும் பிறப்பித்தார். இதையெல்லாம் மறையுரையில் நாமும் சொல்லியிருக்கிறோம். ஆனால் அதைக் கேட்டுவிட்டு 180 யூனிட் வீட்டுக்காரர் கடன் வாங்கப் போனால், நாம் சொன்ன விதம் தவறு. குறைவாகச் செலவழிக்கும் அந்த வீடு ஏற்கெனவே பூமிக்குப் பாரமில்லாமல்தான் இருக்கிறது. திருமடல் முதலில் தட்ட வேண்டிய கதவு 800 யூனிட் வீட்டினுடையது.

போடலாம் என்று முடிவு செய்தவர்கள் கவனிக்க வேண்டியவை சில. ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும். ஒரே ஒரு தகட்டின் மேல் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்தாலும், அதோடு கோர்க்கப்பட்ட மற்றத் தகடுகளின் மின்சாரமும் குறையக்கூடும். இதற்காகத் தென்னையை வெட்டச் சொல்லும் முகவர்கள் இருக்கிறார்கள். சுற்றுச்சூழலைக் காக்கச் சோலார், சோலாரைக் காக்க மரம் வெட்டு என்றால் இது எங்கே போய் முடியும்? நிழல் விழாத மூலையைத் தேடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கடலோரப் பங்குகளில் உப்புக் காற்று பெரிய எதிரி. சாதாரண இரும்புச் சட்டம் போட்டுப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தால் சில ஆண்டுகளில் துருவேறி இற்றுவிடும். துத்தநாகப் பூச்சு நன்றாக ஏற்றிய இரும்போ அலுமினியமோ வேண்டும், திருகாணிகளும் துருப்பிடிக்காததாக இருக்க வேண்டும். 2018-ல் கஜா புயல் வீசிய இரவை நாகை, வேதாரண்யம் பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட காற்றுக்கும் தாங்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சுனாமிக்குப் பின் கட்டித் தந்த வீடுகள் சிலவற்றில் மேற்கூரை இப்போதே ஒழுகுகிறது. அதில் துளையிட்டுச் சட்டம் நிறுத்தினால் மழைக்கு வீட்டுக்குள் பாத்திரம் வைக்க வேண்டியதுதான். முதலில் கூரை, அப்புறம் தகடு.

காகமும் புறாவும் எச்சமிடும், தூசி படியும். வாரம் ஒருமுறையாவது காலையிலோ மாலையிலோ கழுவ வேண்டும். உச்சி வெயிலில் சூடேறிய கண்ணாடியில் தண்ணீர் ஊற்றக் கூடாது. வழுக்கும் மாடியில் வயதானவர்கள் ஏறிக் கழுவுவது ஆபத்து. ஆள் இல்லாத வீடு என்றால் இதையும் யோசியுங்கள். இன்வெர்ட்டர் தகடுகள் அளவுக்கு உழைக்காது. இடையில் ஒருமுறையாவது மாற்ற நேரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மின்சாரம் குறைவாகத்தான் கிடைக்கும். வியப்பு என்னவென்றால், வெப்பம் கூடினாலும் தகடுகளின் திறன் குறைகிறது. அவற்றுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல.

இன்னொரு சிக்கல். நமது ஊர்களில் பல மின் இணைப்புகள் இறந்துபோன அப்பா, தாத்தா பெயரிலேயே கிடக்கின்றன. இணைப்பு ஒரு பெயரிலும் வங்கிக் கணக்கு வேறு பெயரிலும் இருந்தால் மானியம் வருவது சிரமம். பெயர் மாற்றத்துக்கு உடன்பிறந்தவர்களின் ஒப்புதல் கேட்பார்கள். அங்கே பழைய பாகப்பிரிவினைச் சண்டை மறுபடியும் தலைதூக்கும். அப்படி மூண்ட ஒரு சண்டையைத் தீர்க்க நாமே இரண்டு முறை போக வேண்டியிருந்தது.

இப்போது நமது பங்கில் மாதத்தின் முதல் ஞாயிறு, இரண்டாம் திருப்பலிக்குப் பின், அந்த மின்வாரிய அன்பர் பங்கு அலுவலகத்தில் ஒரு மேசை போட்டு அமர்கிறார். வருகிறவர்கள் ஓராண்டுக் கணக்கு உள்ள மின் அட்டையைக் கொண்டுவர வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. இதுவரை வந்த அட்டைகளில் பாதிக்கு மேல் 200 யூனிட்டைத் தொடவில்லை. அவர்களிடம் அவர், "நீங்க போயி நிம்மதியா சாப்பிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். முகவர்களுக்கு நம்மேல் கொஞ்சம் வருத்தம்தான்.