இந்தோனேசிய நிலக்கரியை யார் போய்ப் பார்ப்பது?

கடலூரிலிருந்து வடலூர் போகும் சாலையில் இருக்கிறது குள்ளஞ்சாவடி. பக்கத்திலேயே நெய்வேலி. அங்குள்ள நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களை இங்குள்ள செய்தியாளர் பேருந்தில் போயே பார்த்துவிடலாம். ஆனால் தமிழக அனல்மின் நிலையங்களுக்கு வரும் இந்தோனேசிய நிலக்கரியை யார் போய்ப் பார்ப்பது?

2024 மே மாதம் அதற்கு ஒரு விடை கிடைத்தது. ஓசிசிஆர்பி என்ற பன்னாட்டுப் புலனாய்வுச் செய்தியாளர் அமைப்பு திரட்டிய ஆவணங்களைக் கொண்டு லண்டன் ஃபைனான்சியல் டைம்ஸ் எழுதியது: 2014 ஜனவரியில் கிலோவுக்கு 3,500 கிலோகலோரி வெப்பம் தருவது என்று இந்தோனேசியாவில் அதானி குழுமம் வாங்கிய சரக்கு, நம் மின்வாரியத்துக்கு 6,000 கிலோகலோரி தரும் உயர்தர நிலக்கரியாக விற்கப்பட்டது. அதானி குழுமம் இதை மறுத்தது. மின்கட்டணம் கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிய வேண்டிய விவகாரம் இது.

இரு நாட்டுக் காகிதங்களை ஒப்பிட்டுப் பார்க்க மாதக்கணக்கில் சம்பளம், மொழிபெயர்ப்பு, வழக்கறிஞர் எல்லாம் வேண்டும். ஓசிசிஆர்பிக்கு அறக்கட்டளைகளும் அரசுகளும் நிதி தருகின்றன. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்ததும் அந்த அமைப்பில் ஆட்குறைப்பு நடந்தது.

நம் ஊர்ச் செய்தியாளருக்கு இன்னொரு தடையும் உண்டு. பதிவுபெற்ற பத்திரிகையின் நிருபரோ ஆசிரியரோ வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது என்கிறது 2010-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் உள்நாட்டுப் பணத்துக்கு அந்தத் தடை இல்லை: உள்நாட்டுக் கொடையாளர்களின் பணத்தில் சுதந்திர ஊடகங்களுக்கு உதவும் அறக்கட்டளை ஒன்று 2015 முதல் பெங்களூரில் இயங்குகிறது.