அந்தச் சில சொட்டுகளுக்குப் பின்னால்...

ஆம்பூர்ப் பக்கம் காலையில் ஷூ கம்பெனி பஸ்கள் கிளம்பிவிட்டால், கைக்குழந்தைகள் பாட்டிமார் பொறுப்பு. அப்படி ஒரு பாட்டி, ஏழு மாதப் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு என் வைத்தியசாலைக்கு ஓடி வந்தார்.

“ராத்திரியிலேர்ந்து பத்துத் தடவை போயிட்டான் ஐயா. மாந்தம்தானே? உரை மருந்து ஏதாச்சும் கொடுங்க. தண்ணி கொடுத்தா இன்னும் போகும்னு கொடுக்கல.”

குழந்தையின் கண்கள் குழி விழுந்திருந்தன. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு மெதுவாகத்தான் மறைந்தது. நான் மருந்து உரைக்கவில்லை. ஓ.ஆர்.எஸ். கரைசலை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டே போகச் சொல்லி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிழைத்துக்கொண்டான்.

பிறகு தடுப்பூசி அட்டையைப் பார்த்தால், ‘ரோட்டா’ சொட்டு மருந்துக்கான இடம் காலி! “அதான் போலியோ சொட்டு போட்டாச்சே, இது வேற எதுக்குங்க?” என்றாள் அம்மாக்காரி.

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் பக்கத்திலேயே, நம் வேலூரில் இருக்கிறது.

வீடு வீடாக ஒரு கணக்கு

போலியோ கிருமி நரம்பைத் தாக்கி முடமாக்கும். ரோட்டா வைரஸோ குடலைத் தாக்கி, உடம்பின் நீரை வற்றவைத்துவிடும். தடுப்பு மருந்து வருவதற்கு முன், இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 78,000 குழந்தைகள் இதற்குப் பலியானதாக மதிப்பிட்டார்கள்.

சிம்லாவில் பிறந்து, வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவம் படித்த டாக்டர் ககன்தீப் காங் நுண்ணுயிரியல் நிபுணர். லேபோடு நின்றுவிடாமல் தெருவுக்கு வந்தவர். 2002-ல் தொடங்கி, வேலூரின் நெரிசலான குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளை அவரது குழு பின்தொடர்ந்தது. ஊழியர்கள் வாரம் இரண்டு முறை கதவைத் தட்டினார்கள். குழந்தை நன்றாக இருக்கும்போதும் மலத்தைச் சோதித்தார்கள். இப்படி 373 குழந்தைகள், மூன்று வயது வரை!

தெரிந்தது என்ன? ஆறு மாதம் முடிவதற்குள் 56 சதவீதக் குழந்தைகளை ரோட்டா தொட்டுவிட்டது. மெக்சிகோவில் இரண்டு முறை தொற்றியவர்களுக்கு அதன்பின் கடுமையான நோய் வரவில்லை. இங்கோ மூன்று முறை தொற்றியும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். அதாவது, வெளிநாட்டுக் கணக்கை நம் குழந்தைக்கு அப்படியே போடமுடியாது!

டில்லியில் பிறந்த சிசுக்களிடம் கண்டெடுத்த ஒரு வகை ரோட்டா வைரஸிலிருந்து உள்நாட்டு மருந்து உருவானது. டில்லி, புனே, வேலூர் மூன்று இடங்களிலும் 6,799 குழந்தைகளிடம் சோதித்தார்கள். முதல் வயதில் கடும் ரோட்டா பேதியைப் பாதிக்கு மேல் குறைத்தது. 2016-ல் நான்கு மாநிலங்களில் இலவசமாகத் தொடங்கி, 2017-ல் தமிழகத்துக்கும் வந்தது. 2019-ல் டாக்டர் காங் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்வானார். இந்த கௌரவம் பெற்ற முதல் இந்தியப் பெண் விஞ்ஞானி அவர்.

உங்கள் மகளுக்கும் ஒரு வார்த்தை

டாக்டர் என்றால் ஸ்டெதஸ்கோப் மாட்டினால்தான் என்று நினைக்காதீர்கள். எந்தக் குழந்தைக்கு, எந்த வயதில், எத்தனை தவணை என்று அரசு முடிவெடுக்கக் கணக்கு சேர்ப்பதும் வைத்தியம்தான். பொது சுகாதாரம், நர்சிங், புள்ளியியல், சமூகப்பணி என எது படித்தாலும் இதில் இடம் உண்டு. என்னைப் போன்ற வைத்தியர் ஒரு நாளில் முப்பது பேரைப் பார்க்கலாம். அவர்கள் சரியாக ஒரு முடிவெடுத்தால் லட்சக்கணக்கான தொட்டில்கள் தப்பும்.

நீங்கள் செய்யவேண்டியது

* 6, 10, 14 வாரங்களில் ரோட்டா மருந்தைத் தவறாமல் கொடுங்கள். விட்டுப்போயிருந்தால், ஒரு வயதுக்குள் முதல் தவணையைத் தொடங்கலாம்.

* பேதியின்போது தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு கொதித்து ஆறிய நீரில் ஓ.ஆர்.எஸ். கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். டாக்டர் தரும் ஜிங்க் மருந்தை, பேதி நின்றாலும் 14 நாள் முடியுங்கள்.

* கண் குழிந்தால், சிறுநீர் குறைந்தால், குழந்தை துவண்டால் உரை மருந்தைத் தேடவேண்டாம். உடனே ஆஸ்பத்திரி!

சித்த வைத்தியர் இப்படிச் சொல்கிறாரே என்று பார்க்கிறீர்களா? பால வாகடம் படித்தவன் என்பதால்தான் சொல்கிறேன். குழந்தை பிழைப்பதுதான் வைத்தியம். எந்த வைத்தியம் என்பது அப்புறம்.