பெண்ணும் பச்சிலையும் – 9: தொப்புளில் பூசிய நஞ்சு

ஐப்பசி பிறந்துவிட்டால் ஜெயங்கொண்டம் பக்கத்துக் கண்வலிக்கிழங்குக் கொல்லைகளில் பெண்களுக்குக் காலை வேலை நிச்சயம். கம்பிப் பந்தலில் படர்ந்த கொடியில் பூப்பூவாகத் தேடி, மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தொட்டு வைக்க வேண்டும். இந்தப் பூவின் வாகு அப்படி. சூல்தண்டு அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் நீண்டுவிடும். மகரந்தப்பை ஒரு திசையில், சூல்முடி இன்னொரு திசையில். வண்டையும் பட்டாம்பூச்சியையும் மட்டும் நம்பினால் காய் சொற்பம்தான். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்தாக வேண்டும்.

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள்தான் இது. குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் 99 மலர்களில் முதலாவதும் இதுவே. ஆனால் அரியலூர் விவசாயிக்குப் பூவில் வேலையில்லை. காசு விதையில் இருக்கிறது. ஆடி, ஆவணியில் கிழங்கை ஊன்றினால் தை, மாசியில் விதை கைக்கு வரும். கிலோ ஆயிரக்கணக்கில் விலைபோகும் அந்த விதையைக் கோல்சிசின் என்ற வேதிப்பொருளுக்காக மருந்துக் கம்பெனிகள் வாங்குகின்றன.

ஏற்றுமதிப் பயிராக மாறுவதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் கிழங்குக்குப் பேறுகால மருத்துவத்தில் இடம் இருந்தது. இடுப்புவலி கண்டும் பிள்ளை இறங்காமல் இருந்தாலோ, பிள்ளை பிறந்தும் நஞ்சுக்கொடி விழாமல் இருந்தாலோ, கிழங்கை அரைத்துத் தொப்புளைச் சுற்றியும் அடிவயிற்றிலும் உள்ளங்கால்களிலும் பற்றுப் போடுவார்கள். காரியம் முடிந்ததும் கழுவித் துடைத்துவிட வேண்டும். உள்ளே ஒரு துளியும் போகக் கூடாது. உள்மருந்தாகத் தருவதென்றால் வைத்தியர் முறைப்படி சுத்தி செய்த பிறகுதான்.

அந்தக் கண்டிப்புக்குக் காரணம் கோல்சிசின்தான். உடம்பில் ஓர் அணு இரண்டாகப் பிரிய உள்ளே நுண்குழல்கள் உருவாக வேண்டும். கோல்சிசின் அதைத் தடுத்துவிடும். எங்கெல்லாம் அணுக்கள் வேகமாகப் பெருகுகின்றனவோ அங்கெல்லாம் அடி விழும்: குடல், எலும்பு மஜ்ஜை, முடிக்கால். கரு என்பதே பெருகும் அணுக்கள்தானே! 2023இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதய நோயாளிகளுக்கு மாரடைப்பு அபாயத்தைக் குறைக்க அனுமதித்த கோல்சிசின் மாத்திரையின் அளவு வெறும் 0.5 மில்லிகிராம். ஒரு துண்டுக் கிழங்கில் எத்தனை மில்லிகிராம் இருக்கும் என்று அம்மியில் அரைத்தவருக்கு எப்படித் தெரியும்? கிழங்குக்குக் கிழங்கு அளவு மாறும். இலங்கையில் இதைச் சர்க்கரைவள்ளி என்று நினைத்து அவித்துத் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு. நம் நாட்டு மருந்துச் சட்ட விதிகளின் இ(1) பட்டியலிலும், மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே தர வேண்டிய நச்சுச் சரக்காக இது இடம்பெற்றிருக்கிறது.

சென்ற வாரம் பார்த்த பிரசவ லேகியத்தை இதனுடன் வைத்துப் பாருங்கள். சுக்கு, திப்பிலி, பூண்டு, கருப்பட்டி எல்லாம் அடுப்படிச் சரக்கு. பச்சை உடம்புக்காரிக்கு மாமியாரே கிளறிக் கொடுக்கலாம். தமிழக அரசு கர்ப்பிணிகளுக்கென்று கொண்டுவந்த மகப்பேறு சஞ்சீவிப் பெட்டகத்தின் 11 சித்த மருந்துகளும் மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம் என்று சாதுவானவை. காந்தளுக்கு அதில் இடமில்லை. ‘மூலிகைதானே, பக்கவிளைவு இல்லை’ என்று இன்று நாம் வாய் கூசாமல் சொல்கிறோம். பழைய மருத்துவச்சி அப்படிச் சொன்னதில்லை. எதை உருட்டித் தின்னக் கொடுப்பது, எதைத் தொட்ட கையைக் கழுவாமல் சோற்றில் வைக்கக் கூடாது என்று அவளுக்குக் கணக்கு இருந்தது.

அந்தக் கணக்கும் ஆஸ்பத்திரி எட்டாத காலத்தது. பேறு தங்கினாலும் நஞ்சுக்கொடி விழாவிட்டாலும் நேரம்தான் உயிர். இன்று 108க்குப் போன் செய்ய வேண்டிய நேரத்தில் கிழங்கைத் தேடுவது ஆபத்து. மாதவிலக்கு தள்ளிப்போனால் ‘கலைக்க’ இதைத் தின்னச் சொல்லும் கைவைத்தியம் அதைவிட ஆபத்து. கருவோடு தாயும் போய்விடலாம். தவறி விழுங்கியவருக்கு முதல் நாள் வாந்தியும் பேதியும் வரும். அது நின்றதும் பிழைத்துக்கொண்டார் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். மஜ்ஜையும் சிறுநீரகமும் அதற்குப் பிறகுதான் படுக்கும். பிழைத்தவருக்கும் இரண்டொரு வாரத்தில் தலைமுடி கொத்துக்கொத்தாய் உதிரும். விழுங்கியது தெரிந்த உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். என்ன தின்றார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மிச்சக் கிழங்கு இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

அடுத்த வாரம் பெரம்பலூர் பக்கம் போவோம். பஞ்சுக்காக மட்டுமே நாம் பார்க்கும் பருத்திச் செடியின் வேர்ப்பட்டைக்கும் பெண்களின் மருத்துவத்துக்கும் கடல் கடந்த கதை ஒன்று இருக்கிறது.

(தொடரும்)