விண்கல்லுக்குள் பச்சை மணி

தகவல் துளி. பெரம்பலூர் மாவட்டம் காரைப் பக்கம் மழை அரித்த களிமண் மேடுகளில் பளபளவென்று மின்னும் கற்களைப் பார்த்திருப்பீர்கள். வானத்திலிருந்து விழுந்தவையல்ல அவை, ஜிப்சம். நகத்தால் கீறினாலே கோடு விழும்.

நிஜமாகவே மணிக்கல் சுமந்துவரும் விண்கல் உண்டா? உண்டு. பெயர் பல்லசைட். 1772-இல் சைபீரியாவில் இதைக் கண்டு உலகுக்குச் சொன்ன பீட்டர் பல்லாஸின் பெயரால் வந்தது. இரும்பும் நிக்கலும் கலந்த உலோகத்துக்குள் தேன் நிறத்திலும் பச்சையிலும் ஆலிவின் படிகங்கள் பதிந்திருக்கும். மெல்லிய வில்லையாக அறுத்து விளக்கில் காட்டினால் வெளிச்சம் ஊடுருவும். நகைக்கடையில் பெரிடாட் என்று விற்பதும் தெளிவான ஆலிவின்தான். விண்கற்களில் பல்லசைட் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. சேகரிப்பாளர்கள் ஏன் பணத்தைக் கொட்டுகிறார்கள் என்பது புரிகிறதா?

2008 செப்டம்பர் 12 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் விழுந்த விண்கல்லிலும் ஆலிவின் இருக்கிறது. ஆனால் பொடிப்பொடியாக, மோதிரத்துக்கு ஆகாது.

விண்கல் என்று யாராவது விலை பேசினால் உஷார். காந்தம் ஒட்டினால் மட்டும் போதாது, பட்டறைக் கசடும் ஒட்டும். புதிதாக விழுந்த கல்லில் மெல்லிய கறுப்புத் தோல் இருக்கும். அப்படி ஒன்று வயலில் கிடைத்தால் உடைக்காமல், கழுவாமல் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்குச் சொல்லுங்கள்.