கடைசி டிக்கெட்டில் உள்ளே வந்து கோப்பையைத் தூக்கிய கல்லூரி அணி: 2022-ல் மிசிசிப்பி ரெபல்ஸ் சாதித்தது எப்படி?

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் தேசியப் போட்டியில் ஆண்டுதோறும் 64 அணிகள் மோதும். 2022-ல் அந்தப் பட்டியலில் கடைசியாக இடம் பிடித்த அணி, மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் 'ரெபல்ஸ்'. சரி, அந்த வருஷம் கோப்பையை வென்றது யார்? அதே ரெபல்ஸ்தான்!

சீசனின் நடுவில் இந்த அணி ஜெயிக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். பயிற்சியாளரை மாற்ற வேண்டும் என்று சொந்த ரசிகர்களே பேச ஆரம்பித்திருந்தார்கள். அங்கிருந்து சாம்பியன் ஆனது எப்படி? வெறும் அதிர்ஷ்டமா? இல்லை, போட்டி நடக்கும் முறையிலேயே அதற்கான வாய்ப்பு இருக்கிறதா? விரிவாகப் பார்ப்போம்.

முதலில், கல்லூரி பேஸ்பால் எப்படி நடக்கும்?

நம்ம ஊரில் கல்லூரி விளையாட்டு என்றால் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி, இரண்டு நாள், ஒரு ஷீல்டு. அமெரிக்காவில் கதையே வேறு. பிப்ரவரியில் தொடங்கும் சீசன் ஜூன் கடைசி வரை போகும். ஒரு அணி 50-க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் ஆடும். முக்கிய ஆட்டங்கள் டிவியில் நேரலையாக வரும்.

கல்லூரிகள் 'கான்ஃபரன்ஸ்' எனப்படும் மண்டலக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ரெபல்ஸ் இருப்பது எஸ்இசி என்ற தென்கிழக்கு மண்டலத்தில். கல்லூரி பேஸ்பாலில் மிகக் கடுமையான மண்டலம் இது. வாரக் கடைசியில் ஒரே எதிரணியுடன் மூன்று ஆட்டங்கள். இப்படி பத்து வாரம், மொத்தம் 30 மண்டல ஆட்டங்கள்.

அதன் பிறகுதான் என்சிஏஏ நடத்தும் தேசியப் போட்டி. அதன் கடைசிக் கட்டத்துக்கு 'காலேஜ் வேர்ல்டு சீரிஸ்' என்று பெயர். 1950 முதல் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில்தான் இது நடக்கிறது. கல்லூரி பேஸ்பால் வீரர்களுக்கு ஒமாஹா போவது என்பதே ஒரு கனவு.

நம்பர் 1-ல் இருந்து நடுத்தெருவுக்கு

2022 சீசனை ரெபல்ஸ் அமர்க்களமாகத் தொடங்கியது. மார்ச் மாதத்தில் நாட்டின் நம்பர் 1 அணி என்ற தரவரிசையும் கிடைத்தது. அந்த சந்தோஷம் நீடிக்கவில்லை. அதே மாதக் கடைசியில் சொந்த மைதானத்துக்கு வந்த டென்னசி, மூன்று ஆட்டங்களையும் வென்று சென்றது.

அங்கே ஆரம்பித்த சரிவு நிற்கவே இல்லை. மே மாதத் தொடக்கத்தில் எஸ்இசி கணக்கு 7 வெற்றி, 14 தோல்வி. அதாவது மூன்று ஆட்டம் ஆடினால் இரண்டில் தோல்வி.

பயிற்சியாளர் மைக் பியாங்கோவுக்கு அது 22-வது சீசன். அதுவரை அவரது அணி ஒமாஹாவுக்குப் போனது 2014-ல் ஒரே ஒரு முறை. பல வருஷங்கள் ஒமாஹாவுக்கு முந்தைய சுற்று வரை வந்து, அங்கேயே கவிழ்ந்திருக்கிறது. போதாக்குறைக்கு, ஜென்ம வைரியான பக்கத்துக் கல்லூரி மிசிசிப்பி ஸ்டேட் 2021-ல் கோப்பையை வென்றிருந்தது. ரசிகர்களின் கோபத்துக்குக் கேட்கவா வேண்டும்?

கிழிந்த முட்டியோடு ஆடிய கேப்டன்

இந்தக் கதையில் தவிர்க்க முடியாத பெயர் கேப்டன் டிம் எல்கோ. 2021 ஏப்ரலில் அவரது முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிந்தது. வழக்கமாக இதற்கு உடனே அறுவை சிகிச்சை, பிறகு பல மாத ஓய்வு. எல்கோ அறுவை சிகிச்சையைத் தள்ளி வைத்துவிட்டு, காலில் பிரேஸ் மாட்டிக்கொண்டு அதே சீசனில் திரும்பி வந்து ஹோம் ரன்கள் அடித்தார்.

சீசன் முடிந்ததும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 2022-ல் இன்னொரு வருஷம் ஆடக் கல்லூரிக்கே திரும்பினார். அந்த சீசனில் அடித்த ஹோம் ரன்கள் 24. அணி 7-14 என்று தவித்த நேரத்தில் டிரெஸ்ஸிங் ரூமை உடையாமல் பார்த்துக்கொண்டதில் இந்த சீனியருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆறு நாள் காத்திருப்பு

மே மாதத்தில் காற்று திரும்பியது. மிசௌரியை மூன்று ஆட்டங்களிலும் வென்றார்கள். அடுத்த வாரம் எல்எஸ்யு அணியை அதன் சொந்த மைதானத்திலேயே மூன்றிலும் வீழ்த்தினார்கள். எஸ்இசி கணக்கு 14-16 என்று முடிந்தது.

மே 24 அன்று எஸ்இசி மண்டல நாக் அவுட்டின் முதல் ஆட்டத்திலேயே வாண்டர்பில்ட்டிடம் 3-1 என்று தோல்வி. மொத்தக் கணக்கு 32 வெற்றி, 22 தோல்வி. அதற்கு மேல் ரெபல்ஸ் கையில் எதுவும் இல்லை. மே 30 அன்று பட்டியல் அறிவிக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இங்கேதான் தேர்வு முறையைப் புரிந்துகொள்ள வேண்டும். மண்டல சாம்பியன்கள் தேசியப் போட்டிக்கு நேரடியாகத் தகுதி பெறுவார்கள். மீதி இடங்களை ஒரு தேர்வுக் குழு நிரப்பும். குழு பார்க்கும் முக்கியக் கணக்குகளில் ஒன்று ஆர்பிஐ. இதில் உங்கள் வெற்றி விகிதத்துக்கு 25 சதவீத மதிப்புதான். எதிரணிகளின் வெற்றி விகிதத்துக்கு 50 சதவீதம். அந்த எதிரணிகள் மோதிய அணிகளின் வெற்றி விகிதத்துக்கு மீதி 25 சதவீதம். எளிமையாகச் சொன்னால், எத்தனை ஜெயித்தீர்கள் என்பதை விட யாரோடு மோதினீர்கள் என்பதுதான் பெரிய கேள்வி. எஸ்இசி-யில் அடி வாங்கிய அணிக்கும் அதனால் ஒரு மரியாதை உண்டு.

அப்படித்தான் ரெபல்ஸ் உள்ளே வந்தது, கடைசி அணியாக.

இதில் நியாயமே இல்லை என்று கொதித்தவர்களும் உண்டு. 36 ஆட்டங்களை வென்று, ஏசிசி மண்டலத்தின் இறுதி வரை போன என்.சி. ஸ்டேட் அணிக்கு இடமில்லை. 2021-ல் இதே அணி ஒமாஹாவில் இறுதிப் போட்டிக்கு ஒரே ஒரு வெற்றி தூரத்தில் இருந்தபோது கொரோனா விதிமுறைப்படி வெளியேற்றப்பட்டது. அடுத்த வருஷம் வாசலிலேயே கதவு சாத்தப்பட்டது. ரெபல்ஸின் சந்தோஷத்துக்குப் பின்னால் இப்படி ஒரு அணியின் வேதனையும் இருந்தது.

கிரிக்கெட்டில் இப்படி நடந்திருக்கிறதா?

2024 ஐபிஎல் ஞாபகம் இருக்கா? முதல் 8 ஆட்டங்களில் 7-ல் தோற்ற ஆர்சிபி, பிறகு தொடர்ந்து 6 வெற்றி பெற்று, சிஎஸ்கே-வை ரன் ரேட்டில் முந்தி பிளே ஆஃபுக்குள் நுழைந்தது. ஆனால் எலிமினேட்டரில் ராஜஸ்தானிடம் தோற்று வெளியேறியது. அப்படிக் கடைசி நேரத்தில் உள்ளே வந்த ஒரு அணி, அங்கே நிற்காமல் கோப்பை வரை போயிருந்தால் எப்படி இருந்திருக்கும்? ரெபல்ஸ் செய்தது அதைத்தான்.

11 ஆட்டம், 10 வெற்றி

தேசியப் போட்டியின் முதல் சுற்றில் 16 ஊர்களில் தலா நான்கு அணிகள் மோதும். இரண்டு முறை தோற்றால் வெளியே. 16 வெற்றியாளர்களும் ஜோடி ஜோடியாக, மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்ல வேண்டிய 'சூப்பர் ரீஜனல்' சுற்றில் ஆடுவார்கள். அதில் ஜெயிக்கும் எட்டு அணிகளுக்கு ஒமாஹா டிக்கெட். அங்கே மறுபடியும் நான்கு நான்காகப் பிரிந்து, இரண்டு தோல்வி என்றால் வெளியே. கடைசியில் மிஞ்சும் இரண்டு அணிகளுக்கு, மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்லும் இறுதித் தொடர்.

ரெபல்ஸின் பயணம் இதோ:

• முதல் சுற்று (மயாமி பல்கலைக்கழக மைதானம்): அரிசோனாவை 7-4, மயாமியை 2-1, மீண்டும் அரிசோனாவை 22-6 என வென்றது. அந்தக் கடைசி ஆட்டத்தில் எல்கோ மட்டும் மூன்று ஹோம் ரன்கள்.
• சூப்பர் ரீஜனல் (சதர்ன் மிஸ் மைதானம்): 10-0, 5-0. இரண்டு ஆட்டங்களிலும் எதிரணிக்கு ஒரு ரன்கூட இல்லை.
• ஒமாஹா: ஆபர்னை 5-1, ஆர்கன்சாவை 13-5 என வென்றது. ஆர்கன்சாவிடம் 3-2 எனத் தோற்றது. மறுநாளே அதே அணியை 2-0 என வீழ்த்தியது.
• இறுதித் தொடர்: ஓக்லஹோமாவை 10-3, 4-2 என வென்றது.

மொத்தம் 11 ஆட்டங்களில் எடுத்த ரன் 82. கொடுத்தது 25 மட்டுமே.

அப்படி என்ன மாறியது?

ஒரே வார்த்தையில் பதில் சொல்வதானால், பிட்சிங்.

பேஸ்பாலில் பந்து எறிபவரை பிட்சர் என்பார்கள். கிரிக்கெட்டில் ஐந்தாறு பேர் மாறி மாறிப் பந்து வீசுவார்கள். பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர், முடிந்த வரை அவரே எறிந்துகொண்டிருப்பார். சுமார் 100 பந்துகள் எறிந்த கைக்குப் பல நாள் ஓய்வு வேண்டும். அதனால் ஒரு அணிக்கு நம்பகமான இரண்டு, மூன்று பிட்சர்கள் கட்டாயம். ஆரம்பத்திலேயே தோற்கும் அணி கூடுதல் ஆட்டங்கள் ஆடி, பிட்சர்களின் கை ஓய்ந்துவிடும். ஆரம்பத்தில் ஜெயிக்கும் அணிக்கு ஓய்வும் கிடைக்கும், முக்கிய ஆட்டத்துக்கு நல்ல பிட்சரும் மிஞ்சுவார்.

சீசன் நடுவில்தான் ரெபல்ஸுக்கு அந்த ஜோடி அமைந்தது. ஒருவர் டிலன் டிலூசியா. இரண்டு வருடப் படிப்பு மட்டும் உள்ள ஜூனியர் கல்லூரியில் இருந்து வந்தவர். இன்னொருவர் முதலாமாண்டு மாணவர், இடது கை பிட்சர் ஹன்டர் எலியட். சீசன் தொடங்கியபோது இவர்கள் இருவரையும் நம்பி யாரும் கோப்பைக் கணக்கு போடவில்லை.

ஜூன் 18 அன்று ஆபர்னுக்கு எதிராக எறிந்த டிலூசியா, ஐந்து நாள் கழித்து ஜூன் 23 அன்று ஆர்கன்சாவுக்கு எதிராக மீண்டும் களமிறங்கினார். தோற்றால் ஊருக்குத் திரும்ப வேண்டிய ஆட்டம் அது. ஒன்பது இன்னிங்ஸையும் தனி ஆளாக எறிந்து முடித்தார். கொடுத்தது நான்கு ஹிட் மட்டுமே, ரன் பூஜ்ஜியம். தொடரின் சிறந்த வீரர் விருது அவருக்கே கிடைத்தது.

அந்தக் கடைசி இரவு

ஜூன் 26, இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டம். ஓக்லஹோமாவின் பிட்சர் கேட் ஹார்ட்டன் மிரட்டினார். 13 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். இறுதித் தொடர் வரலாற்றில் அது சாதனை. எட்டாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது ரெபல்ஸ் 2-1 என்று பின்தங்கி இருந்தது.

அந்த இன்னிங்ஸில் ஹார்ட்டன் வெளியேறி, மாற்று பிட்சர் வந்தார். ஜேக்கப் கொன்சாலஸ் அடித்த ஹிட்டில் ஆட்டம் சமநிலைக்கு வந்தது. அதன் பிறகு கேட்சரின் கைக்குச் சிக்காமல் போன இரண்டு பந்துகளில், ஓடி வந்தே இன்னும் இரண்டு ரன்கள். ஸ்கோர் 4-2. ஒன்பதாவது இன்னிங்ஸில் பிராண்டன் ஜான்சன் மூன்று பேரையும் ஸ்ட்ரைக் அவுட் செய்ய, பல்கலைக்கழக வரலாற்றில் முதல் பேஸ்பால் தேசியக் கோப்பை கையில் வந்தது. மிசிசிப்பி மாநிலத்துக்கு இது தொடர்ந்து இரண்டாவது வருஷம்.

அப்படியானால் சீசனின் சிறந்த அணி அதுதானா?

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில்: முழு சீசனையும் வைத்துப் பார்த்தால் இல்லை. அந்தப் பெருமை டென்னசிக்குத்தான் போக வேண்டும். 57 வெற்றி, 9 தோல்வி என்று முடித்த அந்த நம்பர் 1 அணி, சூப்பர் ரீஜனலில் நோட்டர் டேமிடம் தோற்று, ஒமாஹாவுக்கே வரவில்லை.

முழு சீசனில் யார் சிறந்தவர் என்பது ஒரு கேள்வி. ஜூன் மாதத்தில் யார் சிறந்தவர் என்பது இன்னொரு கேள்வி. தேசியப் போட்டி பதில் சொல்வது இரண்டாவது கேள்விக்கு மட்டும்தான். நான்கு மாதம் தடுமாறிய அணிக்கும் சரியான நேரத்தில் இரண்டு நல்ல பிட்சர்கள் அமைந்தால் போதும், கணக்கு மாறிவிடும்.

அடுத்த வருஷமே இதற்கு மறுபக்கமும் தெரிந்தது. 2023-ல் ரெபல்ஸ் 25 வெற்றி, 29 தோல்வி என்று முடித்தது. எஸ்இசி-யில் 6-24. நடப்பு சாம்பியனுக்கு தேசியப் போட்டியில் இடமே கிடைக்கவில்லை.

ஆனாலும் 2022-க்குப் பிறகு ஒன்று நிச்சயம். 64-வது இடம் யாருக்கு என்று ஒவ்வொரு மே மாதமும் விவாதம் நடக்கும்போது, "கடைசியா வர்ற டீம் என்ன பண்ணிடப் போகுது?" என்று யாரும் அலட்சியமாகக் கேட்க முடியாது.